காதோரத் துளை

மெட்ராஸ் டொக்டர் தாளில் ஒரு வட்டம் கீறிக் காட்டினா. என் வயதில் கருவைச் சுற்றியிருக்கும் கோது தடித்துவிடுமாம். அதை உடைத்து வெளியே வந்தால்தான் கரு கருப்பையில் ஒட்டுமாம். முதல் தடவை லேப்பில் உண்டாக்கி வைத்த கரு ஒட்டாமல் போனது அதனால்தான் இருக்குமாம்.

“லேப்ல அந்த ஓட்டுல சின்னதா ஒரு துளை போடுவோம்மா. கண்ணாடி ஊசியில ஒரு துளி அமிலம், அவ்வளவுதான்.”

அமிலம் என்றதும் எழும்பிவிட்டேன். வெளியே வந்து இவரிடம் கேட்டேன்.

“ஊசி கோதைத் தாண்டி உள்ளை போனால்?”

“கோதிலைதான் ஓட்டை, பிள்ளையிலை இல்லை.”

“நீங்கள் பக்கத்திலை நிண்டு பார்க்கப் போறியளோ?”

அவர் ஓட்டோவுக்குக் கை காட்டினார்.

இந்தமுறை ஒட்டியது. சண்டையில் தரைப்பாதை மூடியிருந்ததால், கிளாலிக் கடலில் படகுக்குள் வயிற்றைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்து ஊருக்கு, பண்டத்தரிப்புக்கு, வந்தேன். கோயில்களுக்குப் போய் வந்ததாகத்தான் சொந்தக்காரருக்குச் சொன்னோம்.

மகன் பிறந்தான். முதன்முதலாக அவனைக் குளிப்பாட்டும்போது கண்டேன். வலது காதுக்கு முன்னால், குண்டூசி குத்தியதுபோல ஒரு துளை. ஊசி தாண்டித்தான் இருக்கிறது என்று நினைத்தேன். வெளியே இவ்வளவென்றால் உள்ளே என்னவோ? காது கேட்குமோ?

யாழ்ப்பாணத்து டொக்டர், “உது சில பேருக்குப் பிறப்பிலை இருக்கிறது. பயப்பிடாதேங்கோ,” என்றார். மெட்ராஸ் கதையை அவருக்கு நான் சொல்லவில்லை. தெரியாமல் சொன்ன ஆறுதலை எப்படி நம்புவது? வீட்டில் பிள்ளையின் தலைமாட்டில் நின்று தகரப் பேணியில் கரண்டியால் தட்டுவேன். அவன் திடுக்கிடுவான். சத்தத்துக்கா, கட்டில் அதிர்ந்ததற்கா என்று பிறகு யோசிப்பேன். ஆட்கள் வந்தால் காதை மூடித் தொப்பி போட்டுவிடுவேன்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவன்று மச்சாள், இவருடைய தமக்கை, வந்தா.

“உந்த வெக்கைக்கை தொப்பியோ? பிள்ளையை அவிச்செடுக்கப் போறியோ?”

நான் தடுக்கமுதல் தொப்பியைக் கழற்றிவிட்டா. காதைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“அட, உவன் எங்கடை அப்புவெல்லோ!” என்று தன் தகப்பனைச் சொல்லிச் சிரித்தபடி தன் காதோர மயிரை ஒதுக்கினா. அதே இடத்தில் அதே துளை.

“இவருக்கு இல்லையே, மச்சாள்?”

“அவனுக்கு அம்மாவின்ரை காது. ஒருத்தர் சொல்லும் ஏறாது.”

நானும் சிரித்தேன். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

மச்சாள் படலையைத் தாண்டியதும் பேணியை எடுத்துத் தட்டினேன். பிள்ளை வீரிட்டான்.

“இன்னும் முடியேல்லையோ?” என்றார் இவர்.

“இதுதான் கடைசி.”

அவர் நம்பவில்லை.