அத்தை குடிக்காத தண்ணீர்

ஐரோலி பாலத்தில் அப்பா என்னை அறைந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மே மாதம். நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பிலிருந்து ஐரோலிவரை எங்கள் சர்ச் வாலிபர்கள் இருபது பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். இருபத்தொன்றாவது ஆள் அத்தை, அப்பாவின் தங்கை. முழுத் தூரமும் ஓட்டினால் சைக்கிள் வீட்டில் இருக்கும், பாதியில் நின்றால் விற்றுவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அது அவள் தன் சம்பளத்தில் வாங்கிய சைக்கிள் என்பதை வசதியாக மறந்துவிட்டார்.

அப்பா ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். பின்சீட்டில் நான், மடியில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். அத்தைக்கு வியர்க்க வியர்க்க அதைக் கொடுப்பது என் வேலை.

விக்ரோலி வருவதற்குள் அவள் சுடிதார் முதுகோடு ஒட்டிவிட்டது. பாட்டிலை நீட்டினால் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள். அப்பா பார்க்காதபோது மிச்சத்தைச் சாலையோரம் ஊற்றிவிட்டு, சொல்லாதே என்று கண்ணடிப்பாள். புளிப்பு பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிற்கிற இடத்திலெல்லாம் ஆண்கள் மடமடவென்று குடித்தார்கள், பிறகு வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றார்கள். அப்பாவும் நின்றார். பாண்டுப்பில் எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. அத்தைதான் ஒரு லாரிக்குப் பின்னால் கூட்டிப்போய், துப்பட்டாவை விரித்து மறைத்துப் பிடித்தாள்.

"பயப்படாதளா, நான் பாத்துக்கிடுதேன்."

ஐரோலி பாலத்தில், இன்னும் கொஞ்சதூரமே இருக்கையில், அவளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. சைக்கிளோடு சரிந்தாள்.

"ஏட்டி, தண்ணி குடுத்தியா இல்லியா?" அப்பாவின் கை என் கன்னத்தில் இறங்கியது. அத்தை கீழே ஊற்றியதை அழுதுகொண்டே போட்டுக்கொடுத்துவிட்டேன்.

"கையில இருக்க தண்ணியக் குடிக்கத் துப்பில்ல, ஒனக்கெல்லாம் எதுக்குளா சைக்கிளு? காலிபீலி, வெட்டியா எல்லாருக்கும் டென்ஷன்!"

இருபது பேரும் தலையாட்டினார்கள். அத்தை காலை நீவிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் சைக்கிள் போய்விட்டது. அவளால்தானே அடி வாங்கினேன் என்று நான் அவளோடு பல நாள் பேசவில்லை.

இப்போது அதே சாலையில் நானும் சைக்கிள் ஓட்டுகிறேன். பெண்கள் என்று எழுதிய கதவு ஒன்று வழியில் உண்டு, நான் பார்த்த நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது. தாகம் எடுக்கும்போது பாட்டிலைத் திறந்து, உதட்டை நனைத்து, மூடி வைக்கிறேன்.

அன்று லாரிக்குப் பின்னால் என் வேலை முடிந்ததும் ஓடிவந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன். அவளுக்குத் துப்பட்டா பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு நாற்பது.