எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த உள்ளான்கள்

பறவைக்குக் காவல் இருக்கிற வேலையில் வெயிலைவிடவும் சேற்றைவிடவும் கஷ்டமானது, அது ஒரு வேலைதான் என்று மற்றவர்களை நம்பவைப்பது. எங்காவது ஒரு கேட்டில் நின்று, "உள்ளே போகக் கூடாதுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேங்க் வாசலோ, ஆஸ்பத்திரி வார்டோ, நம் எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துதான். ஆனால் உங்களுக்காவது உள்ளே இருப்பவர்கள் வாய் திறந்து பேசுவார்கள்.

சைட் எங்கே?

நான் வேதாரண்யம் பக்கம், உப்பளத்தில் வேலை பார்த்தவன். துபாய்க்கு வந்து ஆறு வருஷம் கட்டடங்களுக்குக் கம்பி கட்டினேன். ஒரு நாள் காலையில் ஃபோர்மேன் என்னையும், கூட வேலை பார்த்த பெஷாவர்க்காரர் குல் பாயையும் கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் இனிமே வடக்கே கடலோரத்துல டூட்டி" என்றார். கம்பெனி வண்டி எங்களை இறக்கிவிட்ட இடத்தில் கிரேன் இல்லை, சிமெண்ட் மூட்டை இல்லை. ஒரு பக்கம் அலையாத்திச் செடிகள். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. ஒரு தகர கேபின். "பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று அரபியிலும் இங்கிலீஷிலும் எழுதிய ஒரு பலகை. குல் பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு டிரைவரிடம், "சைட் கிதர் ஹை?" என்று கேட்டார். டிரைவர் சேற்றைக் கை காட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டு என் மனைவி அமுதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கம்பி தூக்க வேண்டாம், உயரத்தில் ஏற வேண்டாம், பறவைகளை யாரும் விரட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கேட்டாள்: "ஏங்க, உப்பளத்துல பறவை உக்காந்தா ஒரு நாளாவது நீங்க கல்லெடுக்காம இருந்திருக்கீங்களா?"

காலில் கொடி

வாரத்தில் இரண்டு நாள் ஐனோ மேடம் வருவார். பின்லாந்துக்காரர், பறவை ஆராய்ச்சி. முழங்கால் வரை சேற்றில் இறங்கி நின்று மணிக்கணக்காக டெலஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பார். ஒரு நாள் என்னையும் பார்க்கச் சொன்னார். சின்ன உள்ளான் ஒன்று. மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது. நண்டைத் துரத்திக்கொண்டு குடித்தவன் மாதிரி இப்படியும் அப்படியும் ஓடியது. அதன் காலில் நகம் அளவுக்கு ஒரு கொடி. அதில் மூன்று எழுத்து. நான் எழுத்துக் கூட்டிச் சொன்னதும் மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அந்தக் கொடியை மாட்டியது அவர் ஊரில், அவருடைய சிநேகிதி.

டீ குடிக்கும்போது விளக்கினார். இந்த உள்ளான் அவர் நாட்டில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சமாம். ஐரோப்பாவில் பல நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து, இந்தச் சதுப்பு, அந்தக் காடு, இன்ன கடற்கரை என்று ஒரே லிஸ்ட் போட்டிருக்கின்றனவாம். எந்த நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் லிஸ்டில் ஏறிய இடத்தை அந்த நாடு காப்பாற்றியாக வேண்டும். இந்த உள்ளான் முட்டையிடுகிற ஆற்றங்கரையும் அந்த லிஸ்டில் இருக்கிறது. "ஆனா அது அங்க இருக்கிறது ரெண்டு மூணு மாசம்தான். மிச்ச நாளெல்லாம் லிஸ்டுக்கு வெளியே" என்றார். அப்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். மேடம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அப்போ உன் டூட்டி, செல்வம்."

படிக்கத் தெரியாத பறவை

எங்கள் பகுதிக்கு எல்லைக் கற்கள் உண்டு. வெள்ளை அடித்த கற்கள், வரிசையாக. அந்த வரிசை சேற்றை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும். இந்தப் பக்கம் பாதுகாப்பு. அந்தப் பக்கம் வெறும் நிலம். தண்ணீர் வற்றும்போது உள்ளான்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். நண்டு அங்கேதான் அதிகம். அங்கேதான் இடித்த கட்டடக் குப்பையை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொரு லாரிக்கும் கொஞ்சம் சேறு மறையும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு லாரியை மறித்தேன். டிரைவர் எட்டிப் பார்த்தால் நம்ம ஆள். புதுக்கோட்டை, பெயர் முருகேசன். இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் கொடி கட்டிய உள்ளானைப் பற்றி, பின்லாந்தைப் பற்றி, லிஸ்டைப் பற்றியெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கல்லைக் காட்டிச் சொன்னார்: "அண்ணே, கல்லுக்கு உங்க பக்கம் பறவை, எங்க பக்கம் குப்பைன்னு உங்காளுங்கதானே பிரிச்சு வச்சாங்க? பறவைக்குப் படிக்கத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

சாட்சி

முருகேசன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மேடத்திடம் போய், கல்லை நகர்த்த என்ன வழி என்று கேட்டேன். "எத்தனை பறவை, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு. தினமும் யாராவது எழுதணும். நான் வாரத்துல ரெண்டு நாள்தானே வர்றேன்" என்றார். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். குல் பாய்க்கு எழுதத் தெரியாது, ஆனால் எண்ணுவதில் புலி. பத்துக்கு ஒரு பேரீச்சங்கொட்டை வீதம் பையில் போட்டுக்கொண்டு எண்ணுவார். நான் எழுதுவேன். குளிர்காலம் முழுக்க ஒரு நாள் விடவில்லை.

மேடம் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்து ஓர் அதிகாரி வந்தார். வெள்ளை கந்தூரா அங்கி, ரப்பர் செருப்பு. நாங்கள் காத்திருந்த தினம் அது. ஆனால் அவர் வண்டியிலிருந்து இறங்குவதற்குச் சற்று முன்னால்தான் வல்லூறு ஒன்று தாழப் பறந்து, மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு குஞ்சு இல்லை. செங்கல் குவியல் மட்டும் தெரிந்தது. "கஹாங் ஹை சிடியா?" என்று பறவை எங்கே எனக் கேட்டார். வேறு வழியில்லாமல் நோட்டைக் கொடுத்தேன். புரட்டினார், நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் தமிழ்! படித்துக் காட்டச் சொன்னார். என் ஓட்டை இந்தியில் பக்கம் பக்கமாகப் படித்தேன். மழை பெய்த நாள், லாரி வந்த நேரம், குல் பாய்க்குக் காய்ச்சல் வந்ததால் நானே எண்ணிய நாள், அதனால் கணக்குச் சந்தேகம் என்று எழுதியது உட்பட. சந்தேகம் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் மேடத்தைத் திரும்பிப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்: "நீங்க அனுப்பினது ரிப்போர்ட். இது சாட்சி."

கறி சுட வந்தவர்கள்

சாட்சி சொன்ன மறுநாளே தீர்ப்பு வருமா? மாதங்கள் போயின. அதற்குள் உப்புக்கொத்திகள் முட்டையிடும் காலம் வந்தது. கூடெல்லாம் கட்டாது; மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை துபாய் கராமாவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம், கறி சுடுகிற அடுப்பும் கையுமாக, பலகையைத் தாண்டி மணலுக்குள்ளேயே காரை ஓட்டி வந்துவிட்டது. நான் ஓடிப்போய் நிறுத்தச் சொல்வதற்குள் தாய்ப்பறவை இறக்கையை இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. "அடிபட்டிருச்சு, பாவம்" என்றார் அந்த அம்மா. "அடிபடலைக்கா, நடிக்குது. முட்டை பக்கத்துல இருக்கு" என்றேன்.

குனிந்து பார்த்தால் மூன்று முட்டைகள், காருக்கு அடியில், நான்கு சக்கரத்துக்கும் நடுவே. வீட்டுக்காரர் என்ஜினை ஸ்டார்ட் செய்யப் போனார். அந்த அம்மா சாவியைப் பிடுங்கிவிட்டார். சக்கரம் மணலைக் கிளறிவிடும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. அப்புறம் நான், குல் பாய், அந்தத் தம்பதி, காலேஜ் படிக்கிற அவர்கள் மகள், அஞ்சு பேரும் சேர்ந்து காரை அங்குலம் அங்குலமாக நேர் பின்னுக்குத் தள்ளினோம். தள்ளி முடித்ததும் தூரப்போய் ஒளிந்து நின்றோம். தாய்ப்பறவை வந்து உட்கார்ந்தது. மகள் அழுதுவிட்டாள். அடுப்பைத் திரும்ப டிக்கியில் ஏற்றிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "குஞ்சு வெளிய வந்ததும் ஒரு போன் போடுங்க தம்பி, கறி அதுவரைக்கும் ஃப்ரீசர்ல கிடக்கட்டும்."

கல் நடும் வேலை

கோடை தொடங்கியபோது உத்தரவு வந்தது. அந்தப் பக்கச் சேறும் பாதுகாப்புக்குள். குப்பை கொட்டக் கூடாது. கொட்டியதையும் அள்ள வேண்டும். பகல் வெயிலில் வேலை செய்யத் தடை என்பதால் விடிந்ததும் ஆரம்பித்தோம். ஒவ்வொரு கல்லாகத் தோண்டி எடுத்து, சேற்றுக்கு அந்தக் கரையில் கொண்டுபோய் நட்டோம். என் வாழ்க்கையில் எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறேன். தோள் வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

குப்பையை அள்ள வந்த லாரிகளில் ஒன்று முருகேசனுடையது. அவர் முகத்தில் விழிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று ஓர் உறுத்தல். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை ஆட்டினார். "கொட்டும்போது ஒரு டிரிப், அள்ளும்போது ஒரு டிரிப். அண்ணே, இதே மாதிரி வேற எங்கயாவது கல்லு இருந்தாலும் பாத்து நகத்துங்க!"

எங்கள் லிஸ்ட்

பஹ்ரைனில் ரஷீத் என்றொரு நண்பர் இருக்கிறார். காயல்பட்டினத்துக்காரர், குதைபியாவில் ரூம், அங்கே ஒரு பறவைக் கரையில் என்னைப் போலவே காவல். ஐனோ மேடம் மூலம்தான் பழக்கம். இருவரும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினோம். அல் ஐன் பக்கம் மான்களுக்குக் காவல் இருக்கிற ஒரு தஞ்சாவூர்க்காரர் சேர்ந்தார். ஓமானில் ஆமை முட்டை பார்க்கிற ஒரு வங்காளி பாய் சேர்ந்தார். குல் பாய் எழுத மாட்டார். குரலில் பேசி அனுப்புவார். யார் எல்லைக்குள் யார் நுழைந்தது, எந்த வேலியில் ஓட்டை, எந்தப் பறவை கிளம்பிவிட்டது என்று நாள் முழுக்கத் தகவல் ஓடும். இந்த லிஸ்டில் எந்த நாட்டு அரசாங்கமும் கையெழுத்துப் போடவில்லை.

போன வாரம் ரஷீத் ஒரு படம் அனுப்பினார். பூநாரைக் கூட்டம் ஒன்று கிழக்கே கிளம்புகிறது. கீழே அவர் எழுதியிருந்தது: "செல்வம் பாய், எங்க டூட்டி முடிஞ்சது, கலாஸ், ஆளுங்க வர்றாங்க, பாத்து இறக்கிக்குங்க."

மொத்தத்தில், இந்த வேலையை நாம் ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்பதற்கு ஒரே அடையாளம், வந்து பார்ப்பவர்களுக்கு அங்கே இத்தனை நாளாக ஒன்றுமே நடக்காதது போலத் தெரிவதுதான்.