டீச்சர் இறங்காத நிறுத்தம்

செஞ்சிக்குப் போகிற எல்லோரும் கோட்டையோடு திரும்பிவிடுகிறோம். எனக்குத் தொண்டூர் மலையில் சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகளைப் பார்க்க வெகுநாள் ஆசை. போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை விடுப்பு கிடைத்தது, கிளம்பிவிட்டேன். செஞ்சி பேருந்து நிலையத்தில் காலை 8.10க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "இந்த வண்டி தொண்டூர் உள்ள போவாது. முன்னாடி ஸ்டாப்புல எறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடந்துடுங்க" என்றார் நடத்துநர்.

அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இறங்கியதும் சீருடையில் நின்றிருந்த ஏழெட்டுப் பிள்ளைகள், "வணக்கம் டீச்சர்" என்றார்கள். பருத்திப் புடவையும் தோள்பையும் பார்த்து முடிவு கட்டிவிட்டார்கள் போல. நான் வாயைத் திறப்பதற்குள் நான்காம் வகுப்புக் கவிதா என் பையை வாங்கிக்கொண்டு பள்ளியைப் பார்த்து நடந்தாள்.

கூடவே வந்த அவள் அம்மாதான் விவரம் சொன்னார். ஐந்து வகுப்புக்கும் இருந்ததே இரண்டு ஆசிரியைகள். ஒருவர் கலந்தாய்வில் செஞ்சிக்கே மாறுதல் வாங்கிப் போய்விட்டார். தலைமையாசிரியைக்குக் கூட்டமும் கணினிப் பதிவும் போக நேரம் இருந்தால்தான் பாடம். புது டீச்சர் வருவார் என்ற பேச்சை நம்பி, பிள்ளைகள் தினமும் பள்ளியில் தரும் காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு இந்தப் பேருந்துக்கு வந்து நிற்கிறார்கள்.

"இன்னிக்கும் வர்லன்னா செஞ்சியில அத்த வூட்ல வுட்டுட்டு வந்துடு, அங்கியே படிக்கட்டும்னு இவ நைனா சொல்லிட்டாரு. துணியெல்லாம் எடுத்துனு வந்துட்டேன்" என்று கையிலிருந்த பையைக் காட்டினார். "நீங்க வந்துட்டீங்க. இனிமே இவ எங்கியும் போவ வேணாம்."

கவிதா வகுப்பு வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாவாடை நுனியால் துடைத்தாள்.

"நான் டீச்சர் இல்லைங்க. மலையைப் பார்க்க வந்தேன்."

"இன்னா பாக்க?"

"மலை."

கவிதா என் பையைத் திருப்பிக் கொடுத்தாள். 9.05க்கு அதே பேருந்து செஞ்சிக்குத் திரும்பியபோது இருவரும் ஏறிக்கொண்டார்கள். "அங்க கிளாசுக்கு ஒரு டீச்சர் இருக்குதாம்" என்றார் அம்மா, மகளிடம். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

படுக்கைகளைப் பார்த்தேன். மனம் ஒட்டவில்லை. மாறுதல் வாங்கிப் போனவரைத் திட்ட வாய் வரவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் இந்த ஊரைக் கேட்டு வாங்கி வர ஒருவர்கூட இல்லை என்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் அவசியம். மலையில் நிழல் குறைவு, பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள். பெண்கள் பள்ளி நாளில் காலைப் பேருந்தில் போனால், படியில் நிற்கும்போதே 'நான் டீச்சர் இல்லை' என்று சொல்லிவிடுங்கள். பையை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.