பரிதாவின் படக்கூடை

இரும்புலியூர் பரிதாவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பார்கள். அது பாதி உண்மை. மீதிக் கோபம் அவள் கையில் இருந்தது. மின்சார ரயிலில் பெண்கள் பெட்டிக்குள் ஏறிக்கொண்டு இளித்த ஒருத்தனை டிபன் கேரியராலேயே சாத்தி, வண்டி குரோம்பேட்டையில் நிற்பதற்குள் குதித்து ஓட வைத்தவள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "பொண்ணு மூஞ்சி கறுப்பா வுழுந்துகீது" என்று குறை சொன்ன மாப்பிள்ளையின் மாமனை, "பொண்ணு கறுப்புதான்யா, அதுல உனக்கு இன்னா பேஜாரு?" என்று மண்டபத்தின் நடுவில் சட்டையைப் பிடித்தவள். அவள் புருஷன் அக்தரோ, கேமராவுக்குப் பின்னால் நிற்பதற்கென்றே பிறந்த சாது. சண்டை போடுகிற வேலையை அல்லா எங்க வூட்ல ஒருத்திக்கே குத்தகைக்கு விட்டுட்டான் என்று சொல்லிச் சிரிப்பான்.

அவர்களுடைய போட்டோ ஸ்டூடியோவில் விற்காத படங்கள் தூசி பிடித்துக் கிடந்ததுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல். கபடிப் போட்டி, ஆண்டு விழா என்று அக்தர் எங்கே போனாலும், "அண்ணா, என்னை ஒண்ணு எடு" என்று பல்லைக் காட்டுவார்கள். பிரிண்ட் போட்டு வைத்தால் ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான். வேர்வை காய்ந்ததும் ஆசையும் காய்ந்துவிடும். அங்கேயே, அப்போதே விற்க வேண்டும் என்று பரிதா முடிவு கட்டினாள்.

இன்டர்நெட்டில் படத்தைக் காட்டி, வேண்டியதைக் கூடையில் போடச் சொல்லி விற்கிறார்கள் என்பது டிடிபி சென்டரில் வேலை பார்த்த நாளிலேயே அவளுக்குத் தெரியும். ஆனால் திருமுடிவாக்கம் மைதானத்தில் இன்டர்நெட்டுக்கு எங்கே போவது? செல்போனுக்கே தண்ணித் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல். அதனால் கடை மொத்தத்தையும் ஒரு பழைய லேப்டாப்புக்குள் இறக்கினாள். ராத்தூக்கம் கெட்டு, நாலைந்து முறை எல்லாம் அழிந்து, அக்தரைக் காரணமில்லாமல் திட்டி, ஒருவழியாகக் கடை எழுந்து நின்றது. கேமராவின் கார்டைச் செருகினால் போதும், படங்கள் தாமாகவே நேர வரிசையில் அடுக்கிக்கொள்ளும். ஆள் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஒவ்வொரு படத்தின் ஓரங்களையும் நறுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் சின்னக் கட்டமாகக் காட்டும். கீழே ஒரு கூடைப் படம். அதை அமுக்கினால் பக்கத்து மெஷினில் பிரிண்ட் வந்துவிடும்.

கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி ஒரு மானிட்டரைத் திருப்பி வைத்து, மௌஸைக் கயிற்றால் மேஜையோடு கட்டினாள். ஜனங்கள் மௌஸை விட்டுவிட்டுக் கண்ணாடியை விரலால் குத்தினார்கள். "அக்கா, கூடையில போட்டாச்சு, கூடையை எப்ப குடுப்பீங்க?" என்று கேலி செய்தார்கள். பரிதா திட்டிக்கொண்டே விற்றாள். இரண்டாயிரத்து ஆறில் அந்தச் சுற்று வட்டாரத்துப் போட்டி எதிலும் பரிதாவின் மேஜை இல்லாமல் இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தொழிற்பேட்டைப் பட்டறை அணிகளின் கபடி இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அக்தர், எதிர்ப்பக்கம் அவன் கூட்டாளி கிருபா என்று இரண்டு கேமரா. மஞ்சள் பனியன் அணியில் குப்புராஜ், பாடிப்போனால் தொடாமல் திரும்பாதவன். நீல அணிக்கு அப்பாதுரை கேப்டன். கடைசிச் சுற்றில் குப்புராஜ் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று ஆரம்பித்தது. முதலில் தள்ளுமுள்ளு, அப்புறம் நாற்காலி, அப்புறம் கல். எவனோ மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்த இரும்புப் பைப்பைப் பிடுங்கிக் குப்புராஜின் மண்டையில் இறக்கினான். தேங்காய் உடைகிற சத்தம் பரிதாவின் மேஜை வரைக்கும் கேட்டது.

புழுதியில் யார் அடித்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. குப்புராஜை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நீல அணியில் பாதிப் பேர் சுவரேறிக் குதித்து ஓடினார்கள்.

மனுஷ ஜாதியை என்ன சொல்ல! ரத்தம் காயவில்லை, அதற்குள் பத்துப் பதினைந்து பேர் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, நான் ஒருத்தனை வுட்டேன் பாரு ஒரு குத்து, அது வுழுந்துகீதா?" பரிதாவும் வழக்கம்போல, அக்தரும் கிருபாவும் கொண்டுவந்து கொடுத்த கார்டுகளைச் செருகினாள். படங்கள் வரிசையாக ஏறின.

திரையில் தெரிந்த பக்கத்தின் கடைசியில் இரண்டு படம். முதல் கட்டத்தில் நீல அணி ஆட்டக்காரன் எழில், கையிடுக்கில் இரும்புப் பைப். அடுத்த கட்டத்தில் குப்புராஜ் சிரித்தபடி பாடி வருகிறான்.

குப்புராஜின் அக்கா கிளியம்மாள் அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து தலைவிரி கோலமாக வந்து சேர்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

"எந்தம்பி நின்னுகினு கீறப்பவே இவன் கையில பைப்பு கீதுடா! இவன்தான்டா! இவன்தான் கொன்னுட்டான்!"

எழில் ஓடவில்லை. தண்ணீர் டிரம் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கடைசல் பட்டறையில் வேலை செய்கிற மெலிந்த ஆள். முதல் அடி பின்கழுத்தில் விழுந்தது. திரும்பியவன் வாயில் செங்கல். டிரம்மோடு சேர்ந்து சாய்ந்தான். அதற்குப் பிறகு பரிதாவுக்கு அவன் தெரியவில்லை, ஏறி இறங்கும் கால்கள்தான் தெரிந்தன. ஒருத்தன் பெல்ட்டைக் கழற்றிப் பக்கிளாலேயே வீசினான். "குப்புராஜ் செத்துட்டானாம்!" என்று எங்கிருந்தோ ஒரு பொய் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், வேடிக்கை பார்த்தவர்களும் உள்ளே இறங்கினார்கள்.

பரிதா அந்த இரண்டு கட்டத்தையும் மறுபடி பார்த்தாள். ஒரு வாரமாக அவளுக்குத் தெரியும், கிருபாவின் கேமராவில் கடிகாரம் கால் மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. கல்யாணத்துக்கு அது ஒரு பொருட்டில்லை என்று விட்டிருந்தாள். எழில் படம் கிருபா எடுத்தது. குப்புராஜ் படம் அக்தர் எடுத்தது. அப்படியென்றால் எழில் படம் பிந்தி எடுத்தது, முந்தி ஏறியிருக்கிறது.

எழில் படத்தைத் தன் லேப்டாப்பில் முழுசாகப் பெரிதாக்கினாள். நறுக்கப்பட்ட ஓரத்தில் ஆட்டோ நின்றது. எழில் ஒரு கையால் குப்புராஜின் தலையைத் தாங்கி ஏற்றிக்கொண்டிருந்தான். பைப்பை வேறு எவனும் எடுத்துவிடக் கூடாது என்று கக்கத்தில் இடுக்கியிருக்கிறான், பைத்தியக்காரன்.

"நிறுத்துங்கடா! தப்புடா! படம் முன்னப்பின்ன ஏறிடுச்சுடா!"

யார் கேட்டார்கள்? அக்தர் கூட்டத்துக்குள் கையை விட்டு எழிலை இழுக்கப் பார்த்தான். மூக்கில் குத்து வாங்கிக்கொண்டு வந்து விழுந்தான். பரிதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேரே போய்க் கிளியம்மாளின் கூந்தலை முழங்கையில் சுற்றி, தரதரவென்று மேஜைக்கு இழுத்து வந்தாள். கிளியம்மாள் பிறாண்டினாள், கடித்தாள். பரிதா அவள் முகத்தைத் திரைக்கு நேரே அழுத்திப் பிடித்தாள்.

"பாருடி! கண்ணைத் தொறந்து பாரு! ஆட்டோவுல தொங்குது பார், அது யாரு காலு?"

அந்தக் கணுக்காலில் சிவப்புக் கயிறு இருந்தது.

"நான் கட்னது," என்றாள் கிளியம்மாள். குரலே மாறிவிட்டது. "காத்தால நாந்தான் கட்னேன். ஐயோ, இவன் தூக்கி வுடுறானே! எந்தம்பியத் தூக்கி வுடுறானே!"

அவள் ஓடிப்போய் எழிலின் மேல் குப்புற விழுந்தாள். நாலு அடி அவள் முதுகில் விழுந்த பிறகே அடி நின்றது.

நின்றது என்றால், மூச்சு வாங்குவதற்கு நின்றது. மொத்தக் கூட்டமும் மேஜைப் பக்கம் திரும்பியது.

"அப்ப எவன் அடிச்சான்? அடுத்த பக்கத்தக் காட்டு!"

அடுத்த பக்கம் பரிதாவின் லேப்டாப்பில் வந்துவிட்டிருந்தது. அப்பாதுரை. இரண்டு கையிலும் பைப், தலைக்கு மேலே ஓங்கியபடி. அந்த அப்பாதுரை இப்போது அவள் மேஜைத் துணிக்குப் பின்னால், ஜெனரேட்டரோடு ஜெனரேட்டராக ஒண்டிக்கொண்டு, "அக்கா... அக்கா..." என்று அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். பயத்தில் நனைத்துவிட்டிருந்தான்.

இத்தனை நேரம் எழில் மிதிபடுவதைப் பார்த்துக்கொண்டு இங்கேதானே இருந்தாய், பாவி! அவனை இழுத்து நடுவில் எறிய அவள் கை துடித்தது. ஒரு விரலை நீட்டினால் போதும். அந்தப் பக்கம் எழிலின் கண்ணிருந்த இடத்தில் ரத்தமும் மண்ணுமாக இருந்தது.

பரிதா கார்டுகளைப் பிடுங்கி வாயில் போட்டு ஒரு பக்கம் அடக்கினாள். லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கி, ஜெனரேட்டரின் இரும்புச் சட்டத்தில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். மானிட்டரை உதைத்துக் கீழே தள்ளினாள். கடை மொத்தமும் சிதறிக் கிடந்தது.

"அடிச்சுத் தின்ன என் கடையில இன்னொரு ஆளு கெடையாது," என்றாள், வாயில் கார்டோடு. "போங்கடா."

ஒருத்தன் அவளை அறைந்தான். உடைந்த கீபோர்டால் அவள் திருப்பி அறைந்தாள். அதற்குள் கிருபா கூட்டி வந்த போலீஸ் ஜீப் உள்ளே நுழைந்துவிட்டது. எச்சிலோடு கார்டுகளை இன்ஸ்பெக்டர் கையில் வைத்தாள். மேஜைத் துணியை விலக்கி ஆளையும் காட்டினாள்.

குப்புராஜ் தையல் போட்டுக்கொண்டு மறுவாரமே வீட்டுக்கு வந்துவிட்டான். எழிலுக்கு இடது கண் போனது. வாய் திறந்து பேச மூன்று வாரம் ஆயிற்று. பரிதா தினமும் போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவன் பேச ஆரம்பித்த அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் போய், கடிகாரம் பிசகியது, ஓரம் நறுக்கப்பட்டது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லி முடிக்கையில் அவளுக்கு அவன் மேலேயே கோபம் வந்துவிட்டது.

"பைப்பை அவங்கிட்டேர்ந்து புடுங்குனவன் நீதானேடா? அடிச்சது அப்பாதுரைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன்னை வுட்டிருப்பாங்களேடா! எதுக்குடா வாய மூடிகினு அடி வாங்குன?"

எழில் இருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான்.

"சொன்னேங்கா," என்றான். "கத்திக் கத்திச் சொன்னேன். அவங்கதான் ஃபோட்டோவப் பாத்துட்டாங்களே."