முனி காலடியிலிருந்து எடுத்த சாவி

அன்று காலை பாக்கியத்தின் முகத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை. கண்கள் இரண்டும் மூடிவிட்டன. உதடு தடித்து, கழுத்துவரை வீங்கியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சற்று முன்புவரை பக்கத்துத் தேயிலை நிரையில் நின்று என்னோடு வாயாடிக்கொண்டே கொழுந்து எடுத்தவள் அவள். மேலே மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. நான் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குச் சீலையை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டேன். பாக்கியமோ ஓட முடியாத ஒரு கிழவியைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடுகிறவர்களைத்தான் குளவி துரத்தும்.

முனியை நம்பும் சொந்தங்களே, என் பெயர் கலா. இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிறந்தேன், அங்கேயே கொழுந்து வேலைக்குப் பெயர் பதிந்தேன், அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். அன்று முனி எனக்குச் செய்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் பணிந்து கேட்டு வாங்கியவள் இல்லை. சண்டை போட்டு வாங்கியவள். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பாக்கியமும் நானும் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒரே லயத்தில் வளர்ந்தோம். எங்கள் விளையாட்டு பஸ் விளையாட்டு. வாளி மூடிதான் என் ஸ்டியரிங். லயத்து வாசலில் கவிழ்த்துப் போட்ட உரல்தான் என் சீட். பாக்கியம் பின்னால் நின்றபடி தேயிலை இலையைக் கிழித்து டிக்கெட் கொடுப்பாள். ஹட்டன் பஸ்ஸில் கேட்டதை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு, சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, "ஹரி, யமு" என்று கத்துவாள். சரி, போவோம் என்பதற்குச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டபோது எல்லாரும் டீச்சர், நர்ஸ் என்றார்கள். நான் பஸ் டிரைவர் என்றேன். "அப்ப நான் கொண்டக்டரு" என்று பாக்கியம் எழுந்து நின்றாள். வகுப்பே சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றார். கழுதையையும் ஒருத்தர் ஓட்டத்தானே வேண்டும் என்று சொல்லி அகப்பையால் வாங்கினேன்.

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். அதன் சுவரை ஒட்டி ரோதமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். தேயிலை அரைக்கிற மெஷினுக்கும் ஓடுகிற வண்டிக்கும் அவர்தான் காவல். ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை அவருக்குப் பூசை. அன்று கல்லைச் சுற்றி மாவிலை கோத்த கயிறு கட்டுவார்கள். பெண்கள் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளையாக அங்கே நின்று வருடா வருடம் கேட்டேன். முனி, எனக்கு ஒரு பஸ் கொடு. பெரியவளான பிறகும் கேட்டேன். அப்பாவுக்கு முடியாமல் போய், படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போன வருடம் கோபத்தோடு கேட்டேன். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். அவரோடு பேசுவதையே விட்டுவிட்டேன் என்பதுதான் உண்மை.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக்காரர் கொஞ்ச காலம் மரக்கறி ஏற்றும் சின்ன லொறி ஒன்று வைத்திருந்தார். அவரை அரித்தெடுத்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். சின்ன வண்டிக்கான லைசென்ஸும் எடுத்தேன். பிறகு லொறியை விற்றுவிட்டு அவர் கொழும்புக்கு வேலைக்குப் போனார். லைசென்ஸ் அலுமாரியில் சேலைக்கடியில் கிடந்தது. நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றுகொண்டு, கீழே வளைந்து போகும் பஸ்ஸைப் பார்ப்பேன். பிள்ளை வயதில் கண்ட கனவு வளர்ந்தால் உதிர்ந்துவிடும் என்று சொல்வார்கள். எனக்கு உதிரவில்லை, அதுதான் என் வியாதி.

குளவி கொட்டிய நாள்தான் முனிக்குப் பூசை நாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூசைக்கு முதல் நாள் மாலையே கொழுந்து லொறி, ஆட்டோ என்று எல்லா வண்டிகளின் சாவிகளையும் தாம்பாளத்தில் வைத்து முனி காலடியில் போட்டுவிடுவார்கள். கற்பூரம் காட்டும்வரை தோட்டத்தில் ஒரு சக்கரமும் சுற்றக் கூடாது. வண்டி ஓட்டுகிற ஆண்கள் எல்லாரும் காலையில் நடந்தே ஆற்றுக்கு இறங்கிக் குளித்து, குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேளத்தோடு ஏறி வருவார்கள். ஆண்களுக்கு அன்று லீவு. எங்களுக்குக் கொழுந்து. காலையில் எடுத்ததைப் பூசை முடிந்து பின்நேரம் லொறி ஏற்றும்.

ஆக, ஓட்டத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஆற்றில். ஆற்றுப் பள்ளத்தில் போன் எடுக்காது. கூப்பிட ஆள் ஓடியது. ஆம்புலன்ஸுக்கு அடித்தார்கள், வேறொரு தோட்டத்துக்குப் போயிருக்கிறது, வரத் தாமதமாகும் என்றார்கள். குளவி கொட்டிய பெண்களைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டோர் வாசலில் கிடத்தியிருந்தோம். சிலர் வாந்தி எடுத்தார்கள். கிழவி அழுதுகொண்டிருந்தாள். பாக்கியம் அழக்கூட இல்லை.

கண்ணெதிரே லொறி நின்றது. கழுவி, மாலை போட்டு, விபூதிப் பட்டை அடித்து, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. சாவி முனியிடம் இருந்தது.

எனக்கு முனிமேல் வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. கேட்டபோதெல்லாம் கல்லாக இருந்தாய், இப்போதும் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு கல்லாகவே இருக்கிறாயா என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே கயிற்றருகே போனேன்.

பூசாரி வீரையா மாமா குறுக்கே நின்றார்.

"கலா, நில்லு. பொம்பள காலு வைக்கிற எடமில்ல இது."

"சாவிய எடுத்துக் குடுங்க மாமா. நான் உள்ள வரல."

"கற்பூரம் காட்டாம எடுக்க ஏலாது. எங்கப்பா காலத்துல இருந்து எடுத்ததில்ல. அவனுக வந்துருவானுக, கொஞ்சம் பொறு."

"அவ மூச்சு பொறுக்குமா மாமா?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்தேன்.

"முனி அடிச்சுப் போட்டுரும் புள்ள" என்றார்.

"அடிக்கட்டும் மாமா. இவங்கள ஆஸ்பத்திரியில எறக்கிட்டு வந்து இதே எடத்துல நிக்கிறேன். அப்ப அடிக்கட்டும்."

உள்ளே போனேன். அந்தக் கல்லை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. எண்ணெய் வழிந்து, குங்குமம் அப்பி, சின்னதாக இருந்தது. தாம்பாளத்தில் ஆட்டோச் சாவிகளும் கிடந்தன. ஆட்டோவில் எத்தனை பேரை ஏற்றுவது? லொறிச் சாவியை எடுத்தேன். அப்போதுதான் பல வருடங்களுக்குப் பிறகு அவரோடு பேசினேன். வாய்விட்டே பேசினேன். வீரையா மாமா சாட்சி.

"எனக்குன்னு கேட்டப்ப குடுக்கல. சரி, போகட்டும். இப்ப எனக்குன்னு கேக்கல. வண்டிய எழுப்பு."

ஏன் அப்படிக் கேட்டேன் தெரியுமா? அந்த லொறி காலையில் தானாக எழும்பிய சரித்திரமே இல்லை. தினமும் நாலு பேர் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு அன்று ஆண்களும் இல்லை.

பெண்களைப் பின்னால் ஏற்றிப் படங்குகளை விரித்துப் படுக்க வைத்தோம். எங்கள் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ஐயா ஓடி வந்தார்.

"பெரிய வண்டிக்கு லைசென்ஸ் இருக்கா ஒனக்கு?"

"சின்ன வண்டிக்குத்தான் இருக்குங்க ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் கிடந்தவர்களைப் பார்த்தார். லொறியில் ஏறி, கிழவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாக்கியத்தை என் பக்கத்தில் முன் சீட்டில் சாய்த்துக் கட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. எழும்பிவிட்டது.

சொந்தங்களே, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு கேட்டவர்கள் சொன்னார்கள், பூசைக்காக முதல் நாள்தான் பட்டறிக்குச் சார்ஜ் ஏற்றினார்களாம், அதனால்தானாம். இருக்கட்டும். யாருக்குப் பூசை என்று சார்ஜ் ஏற்றினார்கள்? முனிக்குத்தானே. அப்படியானால் கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. நாங்கள் இறங்கினோம்.

அந்தப் பாதையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், கொண்டை ஊசி வளைவுகள். என் வீட்டுக்காரர் சொல்லித் தந்தது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கை நம்பாதே. லொறியின் ஸ்டியரிங் வாளி மூடி இல்லை. வளைவுக்கு வளைவு தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஒரு வளைவில் பின் சக்கரம் ஓரத்து மண்ணைச் சரித்தது. பின்னால் அலறினார்கள். நான் முனியைக் கூப்பிட்டேன், திட்டினேன், மறுபடி கூப்பிட்டேன். இரண்டுக்கும் அவர் கோபிக்கவில்லை.

பாதி வழியில் பாக்கியத்தின் தலை தொங்கிவிட்டது. தோளைப் பிடித்து உலுக்க ஸ்டியரிங் என் கையை விடவில்லை. கத்தினேன்.

"அடியே கொண்டக்டரு, தூங்குறியா? ஹட்டன் பஸ்ஸு போகுதுடி. டிக்கெட் யாரு குடுப்பா?"

மறுபடி கத்தினேன். கண்ணீரில் பாதை தெரியவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டே கத்தினேன். அவள் கை மெல்ல நகர்ந்து கதவுத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டியது. இன்னொரு தட்டு. வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து வந்தது.

"ஹரி... யமு."

அழுதுகொண்டே சிரித்தவள் அன்று அந்தப் பாதையில் நான் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஓடி வந்த நர்ஸ் யார் ஓட்டி வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். காலில் செருப்பில்லாமல், கொழுந்துக் கறை கையோடு நின்ற என்னை நம்பாமல் லொறிக்குள்ளே டிரைவரைத் தேடினார். பாக்கியத்தை உள்ளே கொண்டுபோய் ஊசி போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இவரைக் காப்பாற்றியிருக்க ஏலாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்று ஏற்றிப் போன பெண்கள் எல்லாரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். கிழவி இன்றும் என்னைக் கண்டால் வெற்றிலை மடித்துத் தருகிறாள்.

பின்நேரம் லொறியைக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினேன். சொன்னபடி கயிற்றுக்குள் போய் முனி முன்னால் நின்றேன். அடிப்பதென்றால் அடி என்றேன். காற்றுக்குச் சூலத்தில் கட்டிய மணி மட்டும் ஆடியது. வீரையா மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். லொறிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். பெரிய வண்டி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினேன் என்று ஆபீசில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் என் பெயரைக் கூப்பிட்டு, மறுபடி கூடையைத்தான் கொடுத்தார்கள். ஆனால் எனக்குள் ஒன்று மாறிவிட்டது. கேட்டால் எழும்புகிறவர் முனி என்று தெரிந்த பிறகு நான் எதற்கு வாயை மூட வேண்டும்? பெரிய வண்டி லைசென்ஸுக்குப் போனேன். முதல் தடவை தோற்றேன். சிரித்தவர்கள் சிரித்து முடிக்குமுன் மறுபடி போய் எடுத்தேன்.

லொறி டிரைவர் வேலையை விட்டு வெளிநாடு போனபோது என்னைப் போடுங்கள் என்று கேட்டேன். யோசிக்கிறோம் என்றார்கள். அவர்கள் யோசித்தது மாதக்கணக்கில். ஒரு நாள் பெரட்டில் பாக்கியம் கூடையைக் கீழே வைத்தாள்.

"எங்க உசுரு போகப் போறப்ப ஏத்திட்டுப் போனவ, எங்க கொழுந்த ஏத்திட்டுப் போகக் கூடாதாங்க ஐயா?"

மற்றப் பெண்களும் கூடையை வைத்தார்கள். அந்த வாரமே எனக்குச் சாவி கிடைத்தது.

இந்த வருடப் பூசைக்கு முதல் நாள் மாலை, வீரையா மாமா தாம்பாளத்தோடு கயிற்றருகே நின்றார். "குடு கலா, நான் வைக்கிறேன்" என்றார். "நான் எடுத்த எடத்துல நானே வைக்கிறேன் மாமா" என்றேன். அவர் கயிற்றைத் தானே தூக்கிப் பிடித்தார். நான் குனியாமல் உள்ளே போனேன்.

அப்பா முனி, உனக்கு நன்றி. பாக்கியத்தைக் கொடுத்தாய், லொறியைக் கொடுத்தாய். ஆனால் நான் கேட்டது பஸ். அதை இன்னும் விடவில்லை, நீயும் மறந்துவிடாதே.

இதைப் படிக்கிறவர்களே, நடக்காது என்று நீங்கள் கேட்பதை நிறுத்திய ஒன்று உங்களுக்கும் இருக்கும். போய்க் கேளுங்கள். அழுது கேட்க வராவிட்டால் சண்டை போட்டுக் கேளுங்கள். சாமிக்கு அதுவும் காது கேட்கும். கேட்டுவிட்டுச் சும்மா நிற்காமல் சாவியை எடுங்கள்.

பூசையன்று கற்பூரம் காட்டி முடிந்ததும் முதல் சக்கரம் என்னுடையதுதான் சுற்றியது. எலுமிச்சம்பழம் நசுங்கும்போது யாரோ லொறித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"ஹரி, யமு."