பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

வேம்புலியம்மாள் ஞானஸ்நானம் எடுத்தபோது சபைப் போதகரான ஐயர் அவருக்கு எஸ்தர் என்று பெயர் வைக்கப் பார்த்தார். "எங்கம்மா ஆத்தாவ வேண்டிக்கினு வெச்ச பேரு ஐயரே. அத்த மாத்துனா உங்க சாமி மட்டும் சந்தோசப்படுமா?" என்று கேட்டார். ஐயர் சிரித்துவிட்டு அந்தப் பெயரிலேயே தண்ணீர் ஊற்றினார். சென்னீர்குப்பத்தில் எங்கள் சபைப் பதிவேட்டில் எஸ்தர்களுக்கும் ரூத்துகளுக்கும் நடுவில் இப்படித்தான் ஓர் அம்மன் பெயர் வந்து சேர்ந்தது. நாங்கள் வேம்பு அக்கா என்று கூப்பிட்டோம். அவர் இறந்து நாற்பது நாளாகிறது.

சொந்த ஊர் திருமழிசை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தில் கம்பெனிகள் வந்தபின் அக்கா அங்கேயே பேக்கிங் வேலைக்குப் போனார். லாரி ஓட்டப் போன கணவர் துலுக்கானம் ஓசூரில் வேறொரு குடும்பம் தேடிக்கொண்டார். அவருடைய தாய் மட்டும் அக்காவின் வீட்டில் படுக்கையாகக் கிடந்தாள். அந்தக் கிழவி செத்த அடுத்த வருடம்தான் அக்கா எங்கள் கோயில் படி ஏறினார்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவோம். அக்கா மட்டும் எழுந்திருக்க மாட்டார். முழங்காலை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டு, "போ, போ, நான் பையெல்லாம் பாத்துக்கறேன்" என்பார். ஆராதனை முடிந்ததும் அந்தச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்குவது அவர்தான். நான் அதைப் பற்றிக் கேட்டபோது ஒன்பது வருடம் கழுவியிருந்தார். ஒரு நாளும் அதில் குடித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே நின்று துடைத்தபடி ஏன் என்று கேட்டேன். அக்கறை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வெறும் ஆவல்தான்.

அவர் குழாயை மூடினார்.

"டீச்சரு, உன்னாண்ட மட்டும் சொல்றேன். கெயவி படுக்கைய நனைச்சிகினே இருக்கும். வேலைக்குப் போய் வந்து தெனமும் நாந்தான் அலசணும். ஒரு நாளு கோவத்துல தண்ணிச் செம்ப எட்டாத எடத்துல தள்ளி வெச்சிட்டுப் போயிட்டேன். கொஞ்சமா நனைக்கட்டும்னு. சாயங்காலம் வந்தா உதடு வெடிச்சிக் கெடக்குது, கை செம்பு பக்கம் நீட்டிக்கினு கீது. மூணு நாளு காய்ச்சல்ல கெடந்து போயிடுச்சி."

"அதனாலதான்னு டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் இன்னா சொல்றது? எனக்குத் தெரியாதா? தகுதியில்லாம குடிச்சா தண்டனைன்னு ஐயரு சொல்றாரே. அந்தக் கையில இந்தக் கப்ப எப்டி வாங்குவேன்?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் பெண்கள் ஜெபக் கூட்டம் வீடு மாறி மாறி நடக்கும். முடிவில், "ஜெபக்குறிப்பு யாருக்காவது இருக்கா?" என்று நான் கேட்பேன். மகனுக்கு வேலை, சர்க்கரை, மருமகளின் பிரசவம் என்று வரும். இன்னொருவரைப் பற்றிச் சொல்வதானால் பேர் சொல்லாமல் 'ஒரு சகோதரி' என்போம். அப்படிச் சொன்னால் புறம்பேச்சு ஆகாது என்பது எங்கள் கணக்கு. அந்த வெள்ளி ரேகா வீட்டில் கூட்டம். அக்காவுக்கு செகண்ட் ஷிப்ட். நான் கண்ணை மூடி, மாமியாருக்குத் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு இன்றுவரை உம் பந்தியில் கைநீட்ட முடியாமல் தவிக்கும் ஒரு சகோதரிக்காக என்று ஜெபித்தேன். பந்தியில் கைநீட்டாதவர் எங்கள் சபையில் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாதா? இரண்டு பேர் விசும்பினார்கள். இன்று நன்றாக ஜெபித்தோம் என்று நினைத்தபடி வீட்டுக்கு நடந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

அடுத்த மாதம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. மதியச் சாப்பாட்டில் அக்கா ஜக்கை எடுத்துக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றி வந்தார். ரேகா தன் டம்ளரைக் கையால் மூடினாள்.

"ஐயய்யோ, உன் கையால தண்ணியா அக்கா? நான் உயிரோட வூட்டுக்குப் போவணும்மா!"

அந்த வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் இலையிலிருந்து தலையைத் தூக்கவும் இல்லை. அக்கா ஜக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குள் கதை வளர்ந்திருந்தது. மாமியாரைத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றவள் என்று ஆகியிருந்தது.

அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"டீச்சரு, உன்னாண்ட மட்டுந்தான் சொன்னேன். இதுங்களுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"தெரியலையே அக்கா. உங்க தெருவுல யாராவது சொல்லியிருப்பாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆங். எங்க தெருப் பொம்பளைங்க வாயி அப்டித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்று ஆசைப்பட்டேன் என்பதே உண்மை. புதன்கிழமை எப்போதும்போல முருங்கைக்கீரைக் கட்டோடு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எப்போதும்போல சுதி சேராமல் உரக்கப் பாடினார். அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் எப்போதும் காலியாகக் கிடந்தது. நானும் அங்கே உட்காரவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகின. வாரம் இருமுறை டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார்கள். மகள் நிஷா காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். பள்ளி முடிந்ததும் நான் போய் உட்காருவேன். அக்கா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். "கெயவி மேல ஒக்காந்து சிரிச்சிகினு கீது டீச்சரு" என்றார் ஒரு நாள். கடவுள் அப்படிப் பழிவாங்குகிறவர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்தது.

"அக்கா, அந்த விஷயத்த வெளிய சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"அன்னிக்கு கரண்டு இல்லன்னு ஷிப்ட்ட பாதியில வுட்டாங்க. நேரா கூட்டத்துக்கு வந்தேன். ரேகா வூட்டு வாசல்ல செருப்பு கழட்டிக்கினு நின்னேன். உன் கொரலு தெருமொன வரைக்கும் கேக்குமே."

"அப்புறம் ஏன் என்கிட்டயே வந்து கேட்டீங்க?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

நான் பாட்டில் மூடியை மறுபடி இறுக்கினேன்.

"தெரிஞ்சும் கீரை கொண்டுவந்தீங்களே அக்கா."

"கீர இன்னா பண்ணுச்சி?" என்றார். பிறகு, சுவரைப் பார்த்தபடி, "மொதல்ல கோவந்தான். உன் மூஞ்சப் பாக்கவே புடிக்கல. ஆனா நிக்கல டீச்சரு. எனக்கே உன்னாண்ட கோவம் நிக்கலயே, ஆண்டவருக்கு என்னாண்ட நிக்குமா? அத்தத்தான் இப்ப யோசிச்சிகினு கீறேன்" என்றார்.

அந்த வாரம் ஐயர் நோயாளிக்கான திருவிருந்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். எப்போதும்போல ஜெபம் மட்டும் போதுமா என்று கேட்டார்.

"இல்ல ஐயரே, ரெண்டு கப்புல ஊத்து. டீச்சருக்கும்."

அக்கா வாங்கினார். பதினோரு வருடமாகக் கழுவிய கோப்பையை முதல்முறையாக உதட்டில் வைத்தார். என் கை மடியை விட்டு எழவில்லை.

"இன்னா, இப்ப உன் மொறையா? நான் ஒக்காந்திருந்தது போதாதா? கழுவறதுக்கா குடுக்கறாங்க? குடி."

குடித்தேன். அவர் நிஷாவைக் கூப்பிட்டு, "இன்னிக்குத் தண்ணியில ஒரு வாயி கொறச்சிக்கோ" என்றார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அடக்கத்தில் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: "கடைசியில தண்ணிக்கே தவிச்சிச் செத்தா பாரு." நான் திரும்பிப் பார்த்தேன். பிறகு தோட்டத்துக்குள் நடந்தேன். என்னை அவர் மன்னித்துவிட்டார். அவர் பெயர் மட்டும் நான் கெடுத்த இடத்திலேயே கிடந்தது.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் ரேகா வீட்டில் கூட்டம். ஜெபக்குறிப்பு இருக்கா என்று வழக்கம்போலக் கேட்டேன். எல்லோரும் சொல்லி முடித்ததும் எனக்கும் ஒன்று இருக்கிறது என்றேன். வேம்பு அக்கா யாரையும் கொல்லவில்லை. கோபத்தில் ஒரு நாள் செம்பைத் தள்ளி வைத்தார், அதற்காகப் பதினோரு வருடம் பந்தியில் கைநீட்டாமல் அழுதார். என்னை நம்பிச் சொன்னதை இதே கூடத்தில் ஜெபம் என்ற பெயரில் வெளியே சொன்னது நான். யார் சொன்னது என்று அவரே வந்து கேட்டபோது பொய் சொன்னதும் நான்.

ரேகாதான் மெல்லக் கேட்டாள்: "ஒரு சகோதரின்னே ஜெபிச்சிடலாமா டீச்சர்?"

"வேண்டாம். பேர் சொல்லியே ஜெபி."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஆண்டவரே, எங்க கலைவாணி டீச்சருக்காக..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. நாங்கள் கண்ணை மூடியபடி காத்திருந்தோம்.