மெல்லிய காற்றில் பழகிய கை

கீழ் ரோட்டில் பஸ் ஏற்றம் ஏறும் சத்தம் கேட்டால் என் தம்பி கிறிஸ்டியன் சோற்றுக் கையை வாயருகே நிறுத்திவிடுவான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு நேர் கீழேதான் மஸ்கெலியா ரோட்டின் பெரிய வளைவு. அங்கே எல்லா வண்டியும் கியர் மாற்றித் திணறும். அவன் தலையைச் சாய்த்துக் கேட்பான். "நெறையக் குடிக்குது," என்று தனக்குள் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கவளத்தை விழுங்குவான். சின்ன வயதிலிருந்தே இப்படி. நான் அவனுக்கு மூத்தவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது எட்டாம் வகுப்போடு நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டேன். அவனுக்குச் சோறு போட்டது நான்தான், அதனால் இதை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

வண்டி குடிப்பது எரிபொருளை. மலையில் காற்று மெல்லிசு. அதற்கேற்றபடி பெட்ரோலைக் குறைக்காவிட்டால் எஞ்சின் முக்கும், கரும்புகை தள்ளும். கொழும்பிலிருந்து வாங்கிவரும் ஆட்டோவை எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் முதலில் கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்துதான் ஓடவிடுவார்கள். கிறிஸ்டியனும் ஆட்டோ ஓட்டுகிறவன். தன் வண்டியைத் தானே காதால் கேட்டுத் திருத்திக்கொள்வான்.

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அவனுடைய ஆட்டோ லயத்து முன்னால் சும்மா நின்றது. அப்போதுதான் போன் பேச, போட்டோகாப்பி எடுக்க இருந்து மூடிவிட்ட ஒரு கம்யூனிகேஷன் கடையிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் சின்ன விமானம் ஓட்டலாம். விளையாட்டு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். மீட்டர் முள்ளெல்லாம் நிஜ விமானத்தில் போலவே ஆடுமாம். இரண்டு இறக்கையிலும் இரண்டு டாங்க். வெளியே ஒரு போத்தல் பெட்ரோலுக்கு ஆட்கள் சண்டை பிடித்தபோது அவனுடைய இரண்டு டாங்கும் நிறைந்திருந்தன. அப்படியும் வீணாக்கமாட்டான். இரண்டும் சமமாக இறங்கவேண்டும் என்று, இடது டாங்க் கொஞ்சம் இறங்கியதும் வலதுக்கு மாற்றுவான், பிறகு இடதுக்கு வருவான்.

அந்த வருடம் கரண்டும் அடிக்கடி போகும். கரண்ட் போனால் விமானமும் போய்விடும்.

"விழுந்துருச்சாடா?" என்று அம்மா இருட்டிலிருந்து கேட்பார்.

"விழலம்மா. அப்பிடியே நிக்குது."

"நிக்கட்டும். நீ வந்து சாப்புடு."

ஹட்டனில் வாங்கிக் கம்ப்யூட்டரோடு இணைத்த பழைய லீவர் ஒன்றின் முனையில் என் கியூட்டெக்ஸ் நகப்பூச்சைப் பூசிச் சிவப்பாக்கி வைத்திருந்தான். பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றுவது அதுதான். முழுதாக உள்ளே தள்ளினால் பெட்ரோல் நிறையப் போகும். வெளியே இழுக்க இழுக்கக் குறையும். விமானம் கிளம்புவதற்கு அவன் எப்போதும் ஏதோ ஒரு நாட்டின் மலை விமானத்தளத்தையே எடுப்பான். "ஏன்டா, கடற்கரைப் பக்கம் ஒண்ணும் இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "இது நம்ம மஸ்கெலியா ஒசரம்க்கா. நம்ம வாசல்லருந்து கெளம்புற மாதிரி இருக்கு," என்றான்.

கிளம்புமுன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டு, சிவப்பு லீவரை மெல்ல இழுப்பான். திணறல் அடங்கிச் சத்தம் தெளியும். அந்த இடத்தில் கையை எடுப்பான். நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து துணி தைப்பேன். சத்தம் தெளியும் இடம் எனக்கும் மனப்பாடம்.

ஆட்டோ நிறுத்தும் இடத்தில், கூட ஆட்டோ ஓட்டும் முத்துலிங்கம் அண்ணன் அவனைக் கேலி செய்யாமல் விடமாட்டார். "என்ன பைலட்டு, இன்னைக்கி லண்டனா, நம்ம பக்கத்து லக்சபானாவா?"

"லக்சபானாதாண்ணே. திரும்பி வர ஆள் இருந்தா சொல்லுங்க, ஏத்திக்கிறேன்."

இரண்டு வருடத்துக்கு முன்பு, கொழும்புக்குப் பக்கத்தில் கடலை ஒட்டியிருந்த ஒரு விமானப் பள்ளி, ஒரே ஒரு ஆளுக்கு இலவசமாகக் கற்றுத்தருவதாக அறிவித்தது. அவர்களுடைய சிமுலேட்டரில் ஓட்டிக்காட்ட வேண்டும். முப்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. கிறிஸ்டியனுக்கு அதுதான் கடைசி வருடம். காசு கட்டி அதைப் படிக்க எங்களால் ஆகாது. அவனுக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான்.

போகிற அன்று அம்மா அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு என்னையும் கூட அனுப்பினார். பள்ளியில் என்னைப் பின்னால் ஒரு கதிரையில் உட்காரச் சொன்னார்கள். சோதிக்கிறவர் வயதான சிங்கள ஐயா. கடல் ஓரத்துத் தளத்திலிருந்து கிளம்ப வேண்டும், விமானத்தில் நான்கு பேர் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும், மேலே போய் டாங்க் மாற்றி, திரும்பி வந்து இறக்க வேண்டும் என்றார்.

கிறிஸ்டியன் எஞ்சினை உறுமவிட்டான். அங்கே லீவருக்குப் பதிலாக இருந்த சிவப்புக் குமிழை மெல்ல இழுத்தான். சத்தம் தெளிந்ததும் கையை எடுத்தான். வீட்டில் செய்வதைப் போலவே, ஒன்றும் பிசகாமல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஐயா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

விமானம் எழும்பியது, ஆனால் பாரமாக எழும்பியது. கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எஞ்சின் திணறியது. எங்கள் ஊரில் எஞ்சின் திணறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், நிறையக் குடிக்கிறது. அவன் குமிழை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்தான். நானும் மனதுக்குள் இழு என்றுதான் சொன்னேன்.

எஞ்சின் நின்றுவிட்டது.

அவசரமாக டாங்கை மாற்றினான். அதுவும் நிறைந்துதான் இருந்தது. பிறகுதான் குமிழை முழுதாக உள்ளே தள்ளினான். அதற்குள் திரை முழுக்கக் கடல்.

"பெட்ரோல் இருந்துச்சு, மல்லி. நீதான் குடுக்கல," என்றார் அந்த ஐயா சிங்களத்தில்; மல்லி என்றால் தம்பி. "எந்த ஊரு?"

"மஸ்கெலியா, சேர்."

அவர் தலையாட்டினார். "இங்க காத்து கனம். இத்தன காத்துக்கு நீ குடுத்தது பத்தாது. கெளம்பும்போது முழுசா உள்ள இருந்திருக்கணும்."

"தெரியும், சேர். இன்னொரு தடவ..."

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதான்." அவர் குரலில் கோபமில்லை. வெளியே அடுத்தவர் காத்திருந்தார்.

ஹட்டன் பஸ்ஸில் அவிசாவளை தாண்டும்வரை அவன் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை. பிறகு சொன்னான், "தெரியாம இல்லக்கா. யாராவது வாயால கேட்டிருந்தா சரியாச் சொல்லியிருப்பேன். கை கேக்கல."

வீட்டில் அம்மா, "அடுத்த வருசம் வைக்கமாட்டாங்களா?" என்று கேட்டார்.

"வைப்பாங்கம்மா. எனக்கு வயசு போயிரும்."

மறுநாள் முத்துலிங்கம் அண்ணன், "என்னடா, எறக்கிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். "கடல்ல எறக்கிட்டேண்ணே," என்றான். அவர் பலமாகச் சிரித்தார், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அவனைப் பைலட் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலாவது தேவலை என்று எனக்குத் தோன்றும்.

அந்த வாரம் முழுதும் கம்ப்யூட்டரில் கடற்கரைத் தளங்களிலிருந்து கிளம்பிப் பார்த்தான். லீவரை முழுதாக உள்ளே தள்ளிக் கிளம்பினான், உயரம் ஏறிய பிறகு அளவாக இழுத்தான், டாங்க் மாற்றினான், இறக்கினான். ஒரு பிழை இல்லை. தோற்றதைப் பார்த்தபோது வராத அழுகை அதைப் பார்க்கும்போது எனக்கு வந்தது. பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

கிறிஸ்டியனுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறான், பகலில் கிடைக்கிற சவாரிக்குப் போகிறான். விமானப் பள்ளியின் அந்த இலவச இடத்தில் வேறு ஒருவர் படித்து முடித்துவிட்டாராம். என் தம்பி இதுவரை நிஜ விமானம் எதிலும் ஏறியதில்லை. ஏறுவான் என்று எங்கள் வீட்டில் யாரும் இப்போது நினைப்பதுமில்லை.